சுரக்கத் தெரிந்தால் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும்

இஸ்ரேலின் ஷீபா மருத்துவ மையத்தில் சாரா ஃபெர்பரின் குழு, கணையம் உருவாவதற்குத் தேவையான பிடிஎக்ஸ்-1 என்ற மரபணுவை அடினோவைரஸ் மூலம் எலிகளின் கல்லீரலுக்குள் செலுத்தியது. கல்லீரல் இன்சுலின் சுரந்தது. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்டிருந்த எலிகளின் ரத்தச் சர்க்கரையும் இறங்கியது. 2000-ல் வெளியான இந்த முடிவுக்கு உடலிலேயே அடிப்படை இருக்கிறது. கருவில் கல்லீரலும் கணையமும் முன்குடலில் அடுத்தடுத்து முளைப்பவை. குளுக்கோஸின் அளவை உணரக் கணையத்தின் பீட்டா செல்லுக்கு உதவும் குளுக்கோகைனேஸ் என்ற நொதி கல்லீரல் செல்லிலும் உண்டு. கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் போய்ச் சேரும் இடமும் கல்லீரல்தான். தோலுக்கடியில் போடும் ஊசியில் அந்த வரிசையே மாறிவிடுகிறது.

அப்படியிருந்தும் கால் நூற்றாண்டாக இந்த முறை மருத்துவமனையை எட்டவில்லை. ஆய்வுச் செய்திகள் பெரும்பாலும் இன்சுலின் சுரந்ததா என்பதோடு நின்றுவிடுகின்றன. எவ்வளவு விரைவில் நிற்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் வாதம். பீட்டா செல் இன்சுலினை முன்கூட்டியே தயாரித்து நுண்பைகளில் சேமித்து வைக்கிறது. சர்க்கரை ஏறிய சில நிமிடங்களில் வெளியே விடுகிறது, இறங்கியதும் அடைத்துவிடுகிறது. சாதாரணக் கல்லீரல் செல்லில் அந்தக் கிடங்கு இல்லை. குளுக்கோஸைக் கண்டு விழித்துக்கொள்ளும் மரபணு விசையைப் பொருத்தினாலும், மரபணு இயங்கிப் புரதம் உருவாக மணிக்கணக்காகும். உணவின் சர்க்கரை அடங்கிய பிறகு இன்சுலின் வந்து சேர்ந்தால், நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். சிட்னியில் ஆன் சிம்சனின் குழு உருவாக்கிய ‘மெல்லிஜென்’ செல்கள் இன்சுலினைச் சேமித்து, குளுக்கோஸுக்கேற்ப விடுவித்தன. நம்பிக்கை தரும் முன்னேற்றம்தான். ஆனால் அவை கல்லீரல் புற்றுநோய் செல் வரிசையிலிருந்து உருவானவை என்பதால், உடலுக்குள் வைக்கும் முன் கடுமையான பாதுகாப்புச் சோதனை தேவை.

ஸ்டெம் செல்லே வெற்றி பெற்றுவிட்டதே, கல்லீரலோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பது வலுவான மறுப்பு. வெர்டெக்ஸ் நிறுவனத்தின் சோதனையில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த கணையச் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை என 2025-ல் தெரிவிக்கப்பட்டது. அந்தச் செல்களையும் கல்லீரலுக்குள்தான் செலுத்தினார்கள். ஆனால் அவை பிறருடைய செல்கள். உடல் அவற்றை நிராகரிக்காதிருக்க நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர வேண்டும். தொற்று, சிறுநீரகப் பாதிப்பு என்று அந்த மருந்துகள் கேட்கும் விலை அதிகம். ஊசியால் ஓரளவு சமாளிக்கும் ஒரு குழந்தைக்கு அதைக் கொடுப்பது நியாயமாகாது. நோயாளியின் சொந்தக் கல்லீரல் செல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோயில் பீட்டா செல்லை அழித்த எதிர்ப்பாற்றல் புதிய செல்லையும் தாக்காதா? அதே தன்னெதிர்ப்பு நோய் வரும் எலிகளிலும் ஃபெர்பர் குழுவுக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. மனிதரிடம் நிரூபிக்கும்வரை அதை உறுதிமொழியாகச் சொல்லக் கூடாது. இரண்டாம் வகை நோயாளிகளுக்கு இதை விற்க முனைவது அதைவிடத் தவறு. அவர்களிடம் இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காததே பெரும் சிக்கல். கொழுப்பு படிந்த அவர்களின் கல்லீரலுக்கு இன்னொரு வேலையைச் சுமத்துவதில் பொருளில்லை. முதல் வகை நோயாளிகளிடம் இந்தச் செல்களைச் சோதிக்கும் நாள் வந்தால், எத்தனை பேர் ஊசியை விட்டார்கள் என்பதற்கு முன், எத்தனை இரவுகளில் அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தது என்பதை ஆய்வாளர்கள் சொல்ல வேண்டும்.