மீனவன் உடுத்தும் மேலாடை

உடை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் மானத்தையும் அழகையும் நாடுகின்றது; உயிரை நாடுவதில்லை. வெம்மை மிகுந்த நாட்டிற் பிறந்தவர்க்கு இது இயல்பே. ஆயின் வடகடலில் மீன்பிடிக்கச் செல்பவனுக்கு மேலாடை என்பது வலையையும் நங்கூரத்தையும் போன்ற ஒரு கருவி. அதனைத் தேர்ந்தெடுப்பதில் அவன் காட்டும் கவனம், நாம் திருமணத்துக்குப் பட்டெடுக்கும்போது காட்டும் கவனத்திலும் பெரிது.

1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் துறைமுகத்தைச் சேர்ந்த மூன்று இழுவைக் கப்பல்கள் சில வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. சென் றோமானஸ், கிங்ஸ்ரன் பெரிடொற், றொஸ் கிளீவ்லன்ட் என்பன அவற்றின் பெயர்கள். மாண்டவர் 58 பேர். மூன்றாவது கப்பல் பெப்ரவரி 4ஆம் திகதி, புயலுக்கு ஒதுங்குமாறு ஐஸ்லாந்தின் வடமேற்கிலுள்ள கடற்கழியொன்றினுட் புகுந்து நின்ற வேளையிலே கவிழ்ந்தது. வீசிய நீர்த்துளியெல்லாம் பாய்மரத்திலும் கம்பியிலும் பட்ட கணமே பனிக்கட்டியாய் உறைந்தது. மேற்பாரம் தாங்கமாட்டாது கப்பல் சாய்ந்தது.

மிதவையொன்றில் மூவர் ஏறினர். அவருள் ஒருவர் கப்பலின் துணைத்தலைவரான ஹரி எட்டம். றேடாரிற் படிந்த பனியை அகற்றும் வேலையில் ஈடுபட்டிருந்தமையால் அவர் முழு மழையுடையிலிருந்தார். மற்றையிருவருக்கும் உடுக்க நேரம் வாய்க்கவில்லை. ஒருவர் உள்ளாடையுடனேயே மிதவைக்கு வந்தவர். ஒரே மிதவை, ஒரே காற்று, ஒரே குளிர். அவ்விருவரும் மிதவையிலேயே இறந்தனர். எட்டம் கரையொதுங்கி, நெடுந்தூரம் தள்ளாடி நடந்து, ஆளில்லாத வீடொன்றின் மறைவில் இரவெல்லாம் நின்றபடியே கழித்து, மறுநாள் பண்ணைச் சிறுவனொருவனாற் காணப்பட்டார். அக்கப்பலிலிருந்து கவிழ்ந்தவருள் உயிர்மீண்டவர் அவர் ஒருவரே. உடலுறுதியும் நல்லூழும் இதிற் பங்குகொண்டிருக்கலாம். எனினும் மேலாடையின் பங்கை எவரும் மறுக்கவியலாது.

ஹல் நகரின் மீனவர் மனைவியரும் தாய்மாரும், லிலியன் பிலொக்கா என்னும் பெண்மணியின் தலைமையில் திரண்டு, பத்தாயிரம் கையெழுத்துக்களோடு இலண்டன் சென்று அமைச்சரைக் கண்டனர். கப்பல்தோறும் வானொலி இயக்குநர் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் முதன்மையானது. அழிந்த முதற் கப்பலில் அத்தகையவர் இருக்கவில்லை. அவர்கள் கேட்ட பாதுகாப்புச் சாதனங்களின் வரிசையில் உடைக்கும் இடமுண்டு என்றே கொள்ளவேண்டும். ஏனெனில் அந்நாளில் ஹல் மீனவன் தன் மழையுடையையும் கையுறையையும் தன் உழைப்பூதியத்திலிருந்தே வாங்கவேண்டியவனாயிருந்தான். வாங்குபவன் வறியவனாயின் ஆடையும் வறியதாகத்தானே இருக்கும்?

கடலாடை செய்யவேண்டிய பணி ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டும் ஒன்றோடொன்று பகைகொண்டவை. வெளிநீர் உள்ளே வரலாகாது. உள்நீர் வெளியே போகவேண்டும். உள்நீர் என்றது வியர்வையை. கடுமையாக உழைப்பவன் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் வரை வியர்ப்பதுண்டு. வலையை இழுக்கும்போது வியர்த்தவன், இழுத்து முடித்து நிற்கும்போது அவ்வியர்வையாலேயே குளிர்கின்றான். அசையாத காற்றைக் காட்டிலும் நீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே மழையில் நனைந்தவனுக்கும் தன் வியர்வையில் நனைந்தவனுக்கும் குளிர் ஒரே கணக்கைத்தான் தீர்க்கின்றது.

இப்பகையை முதலில் தணித்தவர் ஆலைமுதலாளிகளல்லர். அலாஸ்காவின் தென்மேற்கே நீண்டு கிடக்கும் அலூசியன் தீவுகளின் உனங்கன் மக்கள், கடற்சிங்கம், கடல்நாய் முதலியவற்றின் குடலைக் கழுவி, ஊதி உலர்த்தி, நீளப்பிளந்து, பட்டை பட்டையாகச் சேர்த்துத் தைத்து மேலங்கி செய்தனர். காகிதம்போல் இலேசான அவ்வங்கி கடல்நீரைத் தடுத்தது. உடலின் ஆவியை ஓரளவு வெளியே விட்டது. தையலுக்கு விலங்கின் நரம்பையே நூலாக்கினர். நனைந்தவுடன் நரம்பு பருத்து ஊசித்துளையைத் தானே அடைத்துக்கொள்ளும்! அங்கியின் கீழ்விளிம்பைத் தோற்படகின் வாயோடு இறுகக் கட்டிவிட்டால் படகும் ஆளும் ஓருடலாகிவிடுவர். நூதனசாலைகளில் இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அவ்வங்கிகளைக் கைவினைப்பொருள் என்று மட்டும் எழுதிவைப்பது போதாது என்பது எம் கருத்து.

ஐரோப்பிய மீனவன் பிடித்த வழி முரட்டு வழி. பருத்தித் துணிக்கு ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை பூசி உலர்த்தினான். நோர்வேயின் மொஸ் நகரில் 1877இல் ஹெலி ஹன்சன் என்ற கப்பற்றலைவரும் அவர் மனைவியும் இத்தகைய ஆடைகளைச் செய்யத் தொடங்கினர். அப்பெயர் இன்றும் கடைகளில் வழங்குகின்றது. எண்ணெய்த்துணியின் மஞ்சள் நிறம் எண்ணெய் தந்த நிறமே. அது நீரைத் தடுத்தது. ஆனால் குளிரில் விறைத்தது, வெயிலில் ஒட்டியது, குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றும் அபாயமும் கொண்டிருந்தது. உப்பேறிய முரட்டுக் கைவிளிம்பு மணிக்கட்டை அராவிக் கொப்புளங்களை உண்டாக்கிற்று. பழைய மீனவரின் நினைவுகளிற் புயலுக்கு இணையாகப் பேசப்படும் துன்பம் அது.

கிளாஸ்கோ நகர இரசாயன அறிஞர் சாள்ஸ் மக்கின்ரொஷ், நிலக்கரித் தாரிலிருந்து பெறும் நப்தாவில் றப்பரைக் கரைத்து இரு துணிகளுக்கிடையே பூசும் முறைக்கு 1823இற் காப்புரிமை பெற்றார். கந்தகத்தோடு சூடாக்கி றப்பரைப் பதப்படுத்தும் முறை 1840களில் வந்தபின்பே அது குளிரிலும் வெயிலிலும் நிலைத்தது. பிரேசில் விதையிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த றப்பர்க் கன்றுகள் 1876இல் நம் நாட்டின் ஹெனரத்கொடைக்கு வந்தன. பிற்கால வடகடல் மீனவரின் நெடுஞ்சப்பாத்துக்களில் இம்மண்ணின் பாலும் கலந்திருக்கக்கூடும் என்று எண்ணுவதில் ஒரு சிறு மகிழ்ச்சி. பின்னர் றப்பரின் இடத்தைப் பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்ரிக் பூச்சு பற்றிக்கொண்டது. இவையெல்லாம் வெளிநீரைத் தடுத்தனவேயன்றி, உள்நீரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

1969இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் பொப் கோர் என்பவர், பி.ரீ.எப்.ஈ. என்னும் பொருளின் சூடான கோலொன்றை மெல்ல மெல்ல இழுத்து, அது முறிய முறியச் சலிப்புற்று, திடீரென வெட்டி இழுத்தார். முறியவேண்டிய கோல் பன்மடங்கு நீண்டது. அதனுள்ளே கணக்கற்ற நுண்டுளைகள் தோன்றின. அதிலிருந்து பிறந்த மென்படலம் 1976 முதல் கோர்-ரெக்ஸ் என்ற பெயரில் ஆடைகளுட் புகுந்தது. நீர்த்துளி அத்துளையிலும் ஏறத்தாழ 20,000 மடங்கு பெரிது. நீராவியின் மூலக்கூறோ துளையிலும் 700 மடங்கு சிறிது. துளி வெளியே நிற்க, ஆவி கடந்து போகும். துளையே இல்லாது, ஆவியைத் தன்னுள் ஏற்று மறுபுறம் கையளிக்கும் படலங்களும் உள. "மூச்சுவிடும் ஆடை" என்று வணிகர் விளம்பரஞ் செய்வது இவற்றையே.

மூச்சு என்ற உவமை அழகியது, ஆனால் ஏமாற்றுவது. ஆடை தானாக மூச்சுவிடுவதில்லை. உள்ளே ஆவியின் அழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தாலன்றி ஒன்றும் நகராது. குளிர்ந்த காற்றில் அவ்வேறுபாடு பெரிது. நம் கரையோரத்து வெம்மையும் ஈரமும் நிறைந்த மழைக்காற்றில் அது மிகச் சிறிது. ஆகையால் அங்கே புகழ்பெற்ற ஆடை இங்கே வெறும் விலையுயர்ந்த போர்வையாகிவிடும். மேலும், வெளித்துணியின்மேல் நீர் உருண்டோடும் வரையுமே ஆவிக்கு வழியுண்டு. துணி நீரை உறிஞ்சி ஊறிவிட்டால், படலம் பழுதின்றி இருந்தும் பாதை அடைபட்டுப்போம். மீன்கப்பலின் தளத்தில் மணிக்கணக்காக அலை வீசுகின்றது. மீனெண்ணெயும் சளியும் செதிலும் துணியில் அப்புகின்றன. எண்ணெய் பட்ட இடத்தில் நீர் உருளாது, பரவும். உப்புப் பளிங்கும் தூண்டில் முள்ளும் கத்தியும் மென்மையான படலத்துக்கு நண்பர்களல்ல.

எனவேதான் தளத்தில் உழைக்கும் தொழில்முறை மீனவர் பலர், இத்தனை புதுமைக்குப் பின்னும், தடித்த துணியிற் பி.வி.சி. பூசிய மூச்சற்ற ஆடையையே உடுக்கின்றனர். இதனைப் பழமைப்பற்று என்று நகைப்போர் தளத்தில் நின்று பாராதவர். குழாய்நீரால் அடித்துக் கழுவலாம், மூட்டுக்கள் தைக்கப்படாமல் உருக்கி ஒட்டப்பட்டவை, கிழிந்தால் கப்பலிலேயே ஒட்டுப்போடலாம், விலையும் தாங்கக்கூடியது. வியர்வையை வெளியேற்றும் பொறுப்பை அவர்கள் மேலாடையிடம் விடுவதில்லை. கழுத்தைத் திறந்துவிடுகின்றனர், வேலை தணிந்தவேளை மேற்சட்டையைக் கழற்றி, மார்புவரை உயர்ந்த காற்சட்டையோடு நிற்கின்றனர், உள்ளே கம்பளி உடுக்கின்றனர். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை ஏற்றும் நனைந்த உணர்வைத் தராது. பிரித்தானியக் கரையோர மீனவரின் நெருங்கப் பின்னிய கம்பளிச் சட்டைக்குக் கையைச் சற்றுக் குட்டையாக விடும் வழக்கம் உண்டு. நனைந்த விளிம்பு மணிக்கட்டை அராவாதிருத்தற்கு அது. பருத்தி உள்ளாடையோ ஈரத்தைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்கடலில் அதனைத் தவிர்ப்பதே நன்று.

மூச்சுவிடும் ஆடைக்குரியவர் வேறு. ஸ்கொத்லாந்தின் ஆற்றங்கரையில் சமன் மீனுக்காகத் தூண்டிலோடு பல மைல் நடப்பவர்க்கு அது வரப்பிரசாதம். நடக்கின்றார், வியர்க்கின்றார், நிற்கின்றார், மீண்டும் நடக்கின்றார், துணியில் எண்ணெயும் அரைவும் குறைவு, காற்றும் குளிர்ந்தது. சிறுபடகில் அசையாது அமர்ந்திருப்பவர்க்கு அது பெரிதாக உதவாது. அவர் பணத்தை உள்ளாடையில் இடுவது மேல்.

கடையில் ஆடையோடு தொங்கும் சீட்டில் எண்கள் சில இருக்கும். 10,000 மில்லிமீற்றர் என்றால், பத்து மீற்றர் உயர நீர்க்கம்பத்தின் அழுத்தத்தைத் துணி கசிவின்றித் தாங்கியது என்று பொருள். மழைக்கு அது தாராளம். ஆனால் நனைந்த தளத்தில் முழந்தாளிட்டு வலை பிரிப்பவனின் முழங்காலின்கீழ் எழும் அழுத்தம் ஏறக்குறைய அதனையே எட்டிவிடும். அவனுக்கு அதனிலும் இரட்டிப்பு வேண்டும். மூச்சுவிடும் ஆற்றலை, ஒரு சதுர மீற்றர் துணி ஒரு நாளிற் கடத்தும் ஆவியைக் கிராமிற் குறிப்பர். இதனை அளக்கும் முறைகள் பல. முறை மாறினால் எண்ணும் பெரிதும் மாறும். இரு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது, மரக்காலையும் முழக்கோலையும் ஒப்பிடுவது போன்றது.

எண்ணைப் பார்ப்பதைவிட ஆடையை உடுத்துப் பார்ப்பது பயன் தரும். உள்ளே கம்பளி உடுத்தபடியே அளவு பார்க்கவேண்டும். கைகளைத் தலைக்குமேல் உயர்த்தினால் இடுப்பு வெளித்தெரியலாகாது. தலையுறை தலையோடு சேர்ந்து திரும்பவேண்டும். திரும்பாவிடின் பக்கவாட்டில் வரும் அலையைக் காணமுடியாது. கைவிளிம்பில் இறுக்கமான உட்பட்டி இல்லையேல், கயிற்றைப் பற்றிக் கை உயரும்போதெல்லாம் நீர் முழங்கைவரை ஓடும். தொங்கும் நாடாவும் வெளிப்பையும் வலையிலோ சுழலும் பொறியிலோ சிக்கும். அவற்றால் ஆளே இழுபட்டுப் போதலும் உண்டு. நிறத்தில் மட்டும் கூச்சம் வேண்டா. நீலமும் சாம்பலும் கடலின் நிறங்கள்; கடலில் வீழ்ந்தவனைத் தேடுவோர்க்கு மஞ்சளும் செம்மஞ்சளுமே கண்ணிற் படும்.

எந்த மழையுடையும் மிதவையுடையன்று. குளிர்நீரில் வீழ்ந்தவன் முதற் சில கணங்களில் தன்னையறியாது மூச்சை உள்ளிழுக்கின்றான். அப்போது வாய் நீருக்கடியிலிருந்தால் ஆடையின் சிறப்பு ஒன்றும் உதவாது. காற்றால் உப்பும் உயிர்காப்புச் சட்டையை மழையுடையின் மேலேயே அணியவேண்டும். உள்ளே அணிந்தால் அது உப்பும்போது மார்பை நெரிக்கும்.

நீரை உருளச்செய்யும் வெளிப்பூச்சுக்களில் நெடுங்காலம் புளோரின் சேர்ந்த இரசாயனங்கள் ஆளப்பட்டன. அவை மண்ணிலும் நீரிலும் அழியாது தங்குபவை. ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை அவற்றுள் ஒன்றை 2009இலும் வேறொன்றை 2019இலும் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்த்தது. அவற்றுக்கு மாற்றாக வந்த பூச்சுக்கள் நீரை விலக்குகின்றன. எண்ணெயை அவ்வளவாக விலக்குவதில்லை. மீனவனைப் பொறுத்தமட்டில் இது சிறு குறையன்று. அடிக்கடி கழுவுதல் முன்னையிலும் இன்றியமையாததாயிற்று. கரை சேர்ந்ததும் நன்னீரில் உப்புப் போக அலசவேண்டும். மென்படல ஆடையை மென்மையான சவர்க்காரத்தில் தோய்த்து, தயாரித்தவர் அனுமதித்த அளவு சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு மீண்டும் உயிர்பெறும். பி.வி.சி. ஆடையை மடித்து வைக்காது நிழலிலே தொங்கவிடவேண்டும். மடிப்பில்தான் அது முதலில் வெடிக்கும். கசிவு எங்கே என்று ஐயம் எழுந்தால், காற்சட்டையின் காலொன்றின் நுனியை இறுகக் கட்டி, நீர் நிரப்பிச் சிறிதுநேரம் தூக்கிப் பிடித்தாற் போதும். பெரும்பாலும் முழங்காலிலோ கவட்டு மூட்டிலோ துளி அரும்புவதைக் காணலாம்.