பேரம் பேசாதவருக்குப் பழைய சைக்கிளை விற்காதீர்கள்

2025 அக்டோபர் 1 முதல் தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபரிடம் யுபிஐ வழியாகப் பணம் ‘கேட்கும்’ வசதி நிறுத்தப்படும் என்று, இந்திய தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அந்த ஆண்டு ஜூலை 29 அன்று சுற்றறிக்கை விட்டது. இதற்கிடையில், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததில், ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில் பழைய சைக்கிள் விற்கவும் வாங்கவும் நினைக்கிற வாசகர்கள் குழம்பிப்போய் எழுதுகிறார்கள். “சைக்கிள் விற்ற பணத்தை இனி ஜிபேயில் வாங்க முடியாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். “மோசடி எல்லாம் நின்றுவிடுமாமே, தைரியமாக விளம்பரம் போடலாமா?” என்று வேறு சிலர்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. உங்கள் எண்ணையோ கியூஆர் கோடையோ காட்டி, வாங்குபவர் அதில் பணம் போடுவது வழக்கம்போல நடக்கும். நின்றது, எதிராளி உங்கள் திரைக்கு ஒரு கோரிக்கை அனுப்பி, நீங்கள் பின் நம்பரைத் தட்டியதும் பணம் அவருக்குப் போய்ச் சேரும் முறை மட்டும். அதுவும் தனிநபர்களுக்குள் மட்டும். வணிக நிறுவனங்கள் அனுப்பும் கோரிக்கைகள் அந்தச் சுற்றறிக்கையில் அடங்கவில்லை.

இரண்டாவது கேள்விதான் கவலைப்பட வைக்கிறது.

மோசடி நின்றுவிடுமா?

நிற்காது. நிறுத்தப்பட்ட இந்த வசதிக்கு ஒரு முறைக்கு 2,000 ரூபாய் என்ற உச்சவரம்பு ஏற்கெனவே இருந்தது. எட்டாயிரம் ரூபாய் கியர் சைக்கிளைக் குறிவைக்கும் திருடனுக்கு இந்த வழி சிறியது. ஆகவே அவன் வேறு வழிக்குப் போய் வெகுநாளாயிற்று. ‘மோசடியைத் தடுக்கும் நடவடிக்கை’ என்று அறிவிக்கப்பட்டது, அவன் அதிகம் புழங்காத வாசலைத்தான் அடைத்தது. புழங்கும் வாசல் திறந்தே இருக்கிறது.

அந்த வாசல் வேலை செய்யும் விதத்தைப் படிப்படியாகச் சொல்லிவிடுவது நல்லது.

விளம்பரம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே அழைப்பு வரும். பேசுபவர் தன்னை ராணுவ வீரர் என்றோ, விமான நிலையப் பாதுகாப்புப் படையில் இருப்பவர் என்றோ சொல்வார். சீருடைப் படத்தோடு ஓர் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்து விழும். அட்டை வேறு யாருடையதோ. பையனுக்கு சைக்கிள் வேண்டும், தனக்கு லீவு இல்லை, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்பார். நீங்கள் 8,000 என்று போட்டிருந்தால் அந்த எட்டாயிரத்தையும் தருகிறேன் என்பார். டயர் எப்படி, பிரேக் பிடிக்குமா, சீட் உயரம் போதுமா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

பிறகு பணப் பேச்சு. “எங்க கணக்கு ராணுவக் கணக்கு சார், வேற மாதிரி வேலை செய்யும். நீங்க முதல்ல அஞ்சு ரூபா அனுப்புங்க, பத்து ரூபாயா திரும்பி வரும் பாருங்க.” அனுப்பினால் உண்மையாகவே பத்து ரூபாய் வருகிறது.

இந்தப் பத்து ரூபாய்தான் மொத்த ஏற்பாட்டின் அச்சாணி. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் ஒருநாளும் தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வங்கி குறுஞ்செய்தி அனுப்பி அனுப்பி மனப்பாடமே ஆகியிருக்கும். ஆனால் அது படித்த விதி. பத்து ரூபாய் வந்ததோ கண்ணால் கண்ட அனுபவம். விதிக்கு இங்கே ஒரு விலக்கு இருக்கிறது என்று அவன் ஆதாரத்தோடு நிரூபித்துவிட்டான். அடுத்து “நாலாயிரம் போடுங்க, எட்டாயிரமா வரும்” என்று ஒரு கியூஆர் கோடு வருகிறது. அதில் தொகை ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். தொகையோடு வரும் குறிப்பு வரியைக் கோடு தயாரித்தவரே எழுதிக்கொள்ளலாம் என்பதால், ‘சைக்கிள் பணம் வரவு’ என்றுகூட அதில் இருக்கும். அழைப்பைத் துண்டிக்க விடமாட்டான். யோசிக்கவோ வீட்டில் ஒருவரைக் கேட்கவோ இடைவெளி கிடைக்காது. நாலாயிரம் போனதும், “சர்வர்ல சிக்கிடுச்சு, மறுபடி போடுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்” என்பான். முதலில் போனதை மீட்கும் தவிப்பில்தான் இரண்டாவது தொகை போகிறது.

கியூஆர் கோடில் எழுதியிருக்கும் பெயரைக் காட்டாமல், வங்கியில் பதிவான பெயரைத்தான் செயலிகள் காட்ட வேண்டும் என்ற உத்தரவு 2025 ஜூன் 30-க்குள் நடைமுறைக்கு வர வேண்டியிருந்தது. நல்ல உத்தரவு. ஆனால் அழைப்பவரின் உண்மைப் பெயரே தெரியாத விற்பனையாளருக்குத் திரையில் தெரியும் பெயரால் என்ன பயன்? “அது எங்க யூனிட் கணக்காளர் பேர் சார்” என்றால் முடிந்தது.

குறி ஏன் சைக்கிளில் விழுகிறது? விலை பெரும்பாலும் மூவாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் இருக்கிறது. திருடனுக்கு உழைப்புக்கேற்ற வரவு. இழந்தவருக்கோ காவல் நிலையம் வரை போகத் தயக்கம் தரும் தொகை. தவிர, விற்பவர் பெரும்பாலும் வியாபாரி இல்லை. பிள்ளை வளர்ந்துவிட்டதால் சின்ன சைக்கிளை விற்கும் அம்மாவோ, முழங்கால் வலியால் ஓட்டுவதை விட்ட தாத்தாவோதான். எல்லையில் நிற்கும் வீரரைச் சந்தேகிக்கக் கூடாது என்ற அவர்களுடைய நல்ல மனம்தான் இங்கே கருவியாகிறது. எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான்.

போன பணத்தை வங்கி தருமா?

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைச் சிலர் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார்கள். மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று அதில் வருவது உண்மை. ஆனால் அந்தச் சலுகை ‘அங்கீகரிக்கப்படாத’ பரிவர்த்தனைக்கு. நீங்களே ஸ்கேன் செய்து நீங்களே பின் நம்பர் போட்டிருந்தால், நீங்கள் அங்கீகரித்ததாகவே வங்கி எடுத்துக்கொள்கிறது. ஏமாற்றி வாங்கிய சம்மதமும் சம்மதமே என்பதுதான் இதன் பொருள். இந்த வரையறை வங்கிக்குத்தான் காவல். ஏமாந்தவருக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு வேகம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால்தான் திரும்பும். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

அப்படியானால் யாரை நம்புவது?

பேரம் பேசுபவரை. ‘லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு?’ என்று வந்து விழும் செய்திகளால் எரிச்சலடைந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எரிச்சல் நியாயம்தான். ஆனாலும் பேரம் பேசுகிறவருக்கு சைக்கிள் வேண்டியிருக்கிறது. எந்த ஏரியா, வாங்கி எத்தனை வருஷம், செயின் மாற்றியதா, சாயங்காலம் வரலாமா என்று கேட்கிறவர் தன் பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர். அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று தளம் ஒட்டும் முத்திரைக்கு, எப்போதோ ஒரு எண்ணோ ஆவணமோ ஒத்துப்போனது என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. சைக்கிளும் இரண்டு ஆட்களும் ஒரே இடத்தில் நிற்கும்வரை எந்தத் திசையிலும் பணம் நகரக் கூடாது. நேரில் வர முடியாத நேர்மையான ஆள் ஒருவரை இதனால் இழக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. இன்னொருவர் வருவார்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. விளம்பரத்தை முழுக்கப் படிக்காமல் ‘இருக்கா?’ என்று மட்டும் அனுப்பாதீர்கள். போனில் பேசி முடித்த விலை, விற்பவர் சொன்ன நிலைமைக்கான விலை. வீட்டு வாசலுக்கு வந்தபின் அதைக் குறைக்க வேண்டுமென்றால், அவர் சொல்லாத ஒரு பழுதைக் காட்டிக் குறையுங்கள். பாதி பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு ‘இவ்வளவுதான் கொண்டுவந்தேன்’ என்று நிற்பது அநாகரிகம்.

பழுதைப் பார்ப்பது கடினமில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் கட்டையின் அருகே பார்த்தால் ரிம்மில் கோட்டம் இருப்பது தெரியும். குழாய்கள் சேரும் இடங்களில், குறிப்பாக ஹேண்டில்பாருக்குக் கீழே, பெயின்டில் மயிரிழைக் கோடு ஓடினால் வாங்காதீர்கள். ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். செயினில் ஒரு முள்ளிலிருந்து எண்ணினால் இருபத்துநான்காவது முள் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. பின் பற்சக்கரமும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். அந்தச் செலவைக் கழித்துக் கேட்பது நியாயமான பேரம்.

விற்பவர், நிறுவனத்தின் விளம்பரப் படத்தை எடுத்துப் போடக் கூடாது. செயின் இருக்கும் பக்கமாக நிறுத்தி, வெளிச்சத்தில், கீறல் தெரியப் படமெடுங்கள். ‘அதிகம் ஓட்டாதது’ என்ற வரியை நான் நம்புவதில்லை. மொட்டை மாடி வெயிலில் இரண்டு வருஷம் நின்ற சைக்கிளும் அதிகம் ஓட்டாததுதான். டயரின் பக்கவாட்டு வெடிப்பைப் பாருங்கள், உண்மை தெரியும். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் மறுக்காதீர்கள். ஆனால் வந்தவர் தன் பைக்கின் சாவியையோ கூட வந்தவரையோ உங்களிடம் விட்டுப் போகட்டும். கேட்கும் முன்பே அதைத் தருவது வாங்குபவருக்கு அழகு.

ஜிஎஸ்டி குறைந்ததால் பழைய சைக்கிளின் விலை குறையுமா?

குறையத்தான் வேண்டும். வரிக்கு முன் 15,000 ரூபாய் உள்ள சைக்கிள் 16,800-க்கு விற்றது; வரிக்குறைப்பு முழுதாகக் கைமாறினால் இப்போது 15,750. இந்த 1,050 ரூபாய் முழுவதும் வாடிக்கையாளருக்கு வந்துசேரும் என்று அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கடையில் போய் விசாரியுங்கள். பழைய பில்லை வைத்து விலை சொல்லாதீர்கள். இன்றைய கடை விலையிலிருந்து இறங்கி வாருங்கள்.

பில் இல்லாத சைக்கிளை வாங்கலாமா?

சைக்கிளுக்குப் பதிவெண் கிடையாது. பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் பிரேம் நம்பர்தான் அடையாளம். அது சுரண்டப்பட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது, பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். மற்றபடி ஒரு தாளில் தேதி, தொகை, பிரேம் நம்பர், இருவர் பெயர், கையெழுத்து எழுதிப் படமெடுத்துக்கொண்டால் போதும்.

பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார்?

படத்தையும் குறுஞ்செய்தியையும் போலியாகச் செய்யலாம். உங்கள் வங்கிக் கணக்கில் இருப்பைப் பாருங்கள்.

தவறுதலாக அதிகம் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பித் தாருங்கள் என்கிறார்?

அதே மோசடியின் இன்னொரு முகம். தொகை உங்கள் கணக்கில் உண்மையாகவே வந்திருந்தாலும், திருப்பும் வேலையை உங்கள் வங்கியிடம் விடுங்கள்.

முன்பணம் கேட்டால்?

சைக்கிளைக் கண்ணால் பார்க்கும் முன் வேண்டாம்.

ஒருவருக்கு நேரம் சொல்லிவிட்டேன், இன்னொருவர் கூடுதலாகத் தருகிறார்?

சொன்ன நேரம் தாண்டும்வரை முதலாமவருக்கே உரிமை.

எங்கே சந்திப்பது?

பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில். தெரிந்த சைக்கிள் கடை வாசல் என்றால் மெக்கானிக்கும் ஒரு பார்வை பார்ப்பார்.

பிரேமுக்கு ஆயுட்கால உத்தரவாதம் என்கிறாரே?

பெரும்பாலும் அது முதலில் வாங்கியவருக்கு மட்டும்.

வீட்டு சைக்கிளை விற்றால் நான் ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?

வியாபாரமாகச் செய்யாத தனிநபருக்கு இல்லை.

அரசு தந்த விலையில்லா மிதிவண்டி விற்பனைக்கு வருகிறதே?

படிப்பு முடிக்காத பிள்ளை அதில்தான் பள்ளிக்குப் போகிறது என்றால் விலை கேட்காதீர்கள்.

விற்ற பிறகு?

விளம்பரத்தை அன்றே எடுத்துவிடுங்கள், பூட்டின் இரண்டாவது சாவியையும் கொடுத்துவிடுங்கள்.