ஜாஸ் வயலின் மேதை எடி சவுத்

வயலின் இசையைக் கச்சேரி மேடைகளிலே கேட்டுப் பழகியவர்கள் நம் நேயர்கள். அதே வாத்தியம் அமெரிக்க ஜாஸ் இசையிலும் சிறப்பிடம் பெற்றது. ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த இசை. எழுதிய சுரங்களை வாசிப்பதோடு அமையாது, வாசிக்கும்பொழுதே புதியனவற்றைக் கற்பனை செய்வது அதன் உயிர்நாடி. மனோதர்மம் என்று நம் வித்துவான்கள் கூறுவதற்கு அஃது ஓரளவு ஒப்பாகும். இவ்விசையிலே வயலினுக்குப் பெருமை தேடித்தந்தோருள் ஒருவர் எடி சவுத்.

மிசூரி மாநிலத்திலே லூசியானா என்னும் சிற்றூரில் 1904ஆம் ஆண்டு பிறந்த சவுத், சிக்காகோ நகரிலே வளர்ந்தார். இளமையிலேயே வியக்கத்தக்க திறமை காட்டி, மேனாட்டுச் செவ்வியல் இசையை முறையாகப் பயின்றார். ஆயின், அந்நாளைய அமெரிக்கச் சிம்பனி வாத்தியக் குழுக்கள் கறுப்பினக் கலைஞருக்கு இடமளிக்கவில்லை. கற்ற கல்வி இருந்தும் நிறம் தடையாயிற்று.

அவர் சோர்ந்துவிடவில்லை. ஜிம்மி வேட், எர்ஸ்கின் டேட் முதலியோரின் குழுக்களிலே வாசித்தபின், 'அலபாமியன்ஸ்' என்னும் தமது குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1928இல் ஐரோப்பா சென்றவர், புடாபெஸ்ட் நகரிலே ஹங்கேரிய ஜிப்சி வயலின் மரபையும் ஆராய்ந்து, அதன் உருக்கத்தைத் தம் வாசிப்பிலே சேர்த்துக்கொண்டார். தாயகம் திரும்பியபின் அவர் நடத்திய குழுவிலே, பிற்காலத்திற் பெரும்புகழ் எய்திய மில்ட் ஹின்டன் பேஸ் வாத்தியம் வாசித்தார்.

1937இல் பாரிஸ் நகரிலே பதிவான ஓர் இசைத்தட்டு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. இரு வயலின்களுக்காகப் பாக் இயற்றிய டி மைனர் கொன்செர்ட்டோவின் முதற்பகுதியை, சவுத்தும் பிரெஞ்சுக் கலைஞர் ஸ்டெபான் கிராப்பெல்லியும் ஜாஸ் நடையிலே வாசித்தனர். முழு வாத்தியக் குழு செய்யவேண்டிய பணியை, ஜாங்கோ ரைன்ஹார்ட் தம் கிற்றார் ஒன்றினாலேயே நிறைவேற்றினார். சிம்பனி மேடை எவருக்கு மறுக்கப்பட்டதோ, அவரே அம்மேடைக்குரிய பாக்கின் இசையைத் தமக்குரிய வழியிலே உலகுக்கு அளித்தார்.

1962இல், தமது 57ஆவது வயதிலே, சவுத் சிக்காகோவிற் காலமானார். தடை அவருக்கு நன்மையாய் முடிந்தது என்று கூறுவது பொருந்தாது. அவரது வில்லிலிருந்து எழும் தூய நாதத்தை இசைத்தட்டிலே கேட்போர், அவரை ஏற்காத மேடைகள் இழந்தது யாதென்பதை எளிதில் உணர்வர்.