உங்களுக்குத் தெரியுமா? விழாமல் நடக்க ஒரு சண்டைக்கலை

சீனாவின் ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட தற்காப்புக் கலை தைச்சி. 2020இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அதன் பயன் இன்று மருத்துவத்திலும் தெரிகிறது. அமெரிக்காவின் ஒரேகனில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். வாரம் இருமுறை, 24 வாரங்கள் தைச்சி பயின்ற குழுவினர், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே தடுமாறி விழுந்தார்கள். முடிவு 2012இல் வெளியானது.

1956இல் வகுக்கப்பட்ட 24 அசைவு எளிய தைச்சி வடிவத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். லயத்து வாசலே போதும்.

பசறை மலைச்சரிவுகளில் கொழுந்துக்கூடையோடு ஏறியிறங்கி முழங்கால் தேய்ந்த நம் அம்மாயிகளுக்கும் தாத்தாக்களுக்கும் இது ஏற்ற பயிற்சி. தோட்டத்து இளைஞர்களே, வைத்தியரிடம் கேட்டுவிட்டு, முறையாகக் கற்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.