பிரித்தானியக் கயானா ஒரு சத மெஜந்தா

பிரித்தானியக் கயானா ஒரு சத மெஜந்தா என்பது, தென் அமெரிக்காவிலுள்ள இன்றைய கயானா நாடு பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், 1856 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் அஞ்சல்தலை ஆகும். இதன் ஒரேயொரு படி மட்டுமே எஞ்சியிருப்பதாக அறியப்படுகின்றது. உலகின் மிக அரிய அஞ்சல்தலைகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

வெளியீடு

இக்குடியேற்ற நாட்டுக்கு வேண்டிய அஞ்சல்தலைகள் இங்கிலாந்தில் அச்சிடப்பட்டுக் கப்பல் மூலம் அனுப்பப்பட்டன. 1856 இல் அவை உரிய காலத்தில் வந்து சேரவில்லை. எனவே, ஜார்ஜ்டவுனில் செய்தித்தாள் அச்சிட்டு வந்த பாம், டல்லாஸ் ஆகியோரின் அச்சகத்தில் தற்காலிக அஞ்சல்தலைகளை அச்சிட அஞ்சல் அதிபர் டால்டன் ஏற்பாடு செய்தார். மெஜந்தா நிறத் தாளில் கறுப்பு மையினால் ஒரு கப்பலின் படமும், அதனைச் சுற்றி நாட்டின் பெயரும் விலையும் அச்சிடப்பட்டன. போலிகளைத் தடுப்பதற்காக, அஞ்சலக எழுத்தர்கள் தமது பெயரின் முதலெழுத்துக்களை இவற்றில் இட்டனர்.

அரிதானமைக்கான காரணம்

நான்கு சதத் தலைகள் கடிதங்களுக்கும், ஒரு சதத் தலைகள் செய்தித்தாள்களுக்கும் பயன்பட்டன. கடிதங்களை மக்கள் பாதுகாத்து வைத்தனர். செய்தித்தாளையும் அதன் உறையையும் படித்தபின் எறிந்துவிட்டனர். இதனாலேயே நான்கு சதத் தலைகள் பல எஞ்சியிருக்க, ஒரு சதத் தலை ஒன்று மட்டுமே எஞ்சியது எனக் கூறப்படுகின்றது.

உரிமையாளர்கள்

1873 இல் வெர்னன் வோன் என்னும் 12 வயதுச் சிறுவன், வீட்டிலிருந்த பழைய தாள்களிடையே இதனைக் கண்டெடுத்து, 6 சில்லிங்குக்கு விற்றான். பின்னர் இது புகழ்பெற்ற சேகரிப்பாளரான பிலிப் வான் பெராரியிடம் சென்றது. அவர் தமது சேகரிப்பைப் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்திருந்தார். எனினும் முதல் உலகப் போரின் பின் பிரான்சு அதனைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விட்டது.

- 1922: ஆர்தர் ஹைண்ட், ஏறத்தாழ 36,000 அமெரிக்க டாலர்
- 1970: இர்வின் வைன்பர்க் குழுவினர், 2,80,000 டாலர்
- 1980: ஜான் டு பாண்ட், 9,35,000 டாலர்
- 2014: ஸ்டுவர்ட் வைட்ஸ்மன், ஏறத்தாழ 95 இலட்சம் டாலர்
- 2021: ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம், ஏறத்தாழ 83 இலட்சம் டாலர்

மதிப்பு

இத்தலை தோற்றத்தில் சிறப்பானதன்று. இதன் நான்கு மூலைகளும் வெட்டப்பட்டுள்ளன. அஞ்சல் முத்திரையும் எழுத்தரின் மையும் படத்தை மறைக்கின்றன. உரிமையாளர்கள் பலர் பின்புறத்தில் தத்தம் அடையாளங்களை இட்டுள்ளனர். காலணி வடிவமைப்பாளரான வைட்ஸ்மன் அங்கே குதியுயர்ந்த காலணி ஒன்றை வரைந்தார். பிற அஞ்சல்தலைகளில் இத்தகைய குறைகள் விலையைக் குறைக்கும். இதிலோ, ஒப்பிடுவதற்கு வேறொரு படி இல்லாமையால், அவையே இதன் வரலாற்றுச் சான்றுகளாக அமைந்துள்ளன. அஞ்சல்தலையொன்றின் மதிப்பை அதன் அழகையோ வயதையோ விட, எத்தனை படிகள் எஞ்சியுள்ளன என்பதும் அவற்றை எத்தனை பேர் விரும்புகின்றனர் என்பதுமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.