ஈயச் சட்டியும் ஓம் விதியும்

ஈயம் என்றதும் நம்மில் பலருக்கு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். நான் எழுத எடுத்துக்கொண்டது காரீயம். வலையின் அடிக்கயிற்றில் குண்டாகக் கோக்கப்பட்டு, வலையைக் கடலுக்குள் இறக்குகிற ஈயம். அடுப்படிப் பக்கமே வரக்கூடாத ஈயம்.

என் தந்தையார் விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. கரையில் வலை பழுதுபார்க்கும் காலம் அது. அப்போது தந்தையார் கொல்லையில் ஈயக்குண்டு வார்த்துக் கொடுப்பார். என் படிப்புச் செலவில் பாதி அந்தக் குண்டுகளில் இருந்து வந்ததுதான். முன்பு விறகடுப்பில் உருக்குவார். பிறகு, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையிலிருந்து பழைய மின் ஈயச் சட்டி ஒன்றை வாங்கிவந்தார். 1000 வாட், நான்கு கிலோ ஈயம் கொள்ளும்.

சென்ற மே மாதம், கைநிறைய வேலை இருந்த நேரத்தில், சட்டி சூடேறாமல் நின்றுவிட்டது. “காயில் எரிஞ்சு போச்சு” என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். தந்தையார் என் பக்கம் திரும்பினார்.

“படிக்கிறியே தம்பி, இதுக்கு ஒங்க புஸ்தகத்துல ஏதும் இருக்கா?”

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. எந்தத் தேர்வுத் தாளும் என்னை அப்படிப் பயமுறுத்தியதில்லை.

எங்கள் இயற்பியல் பேராசிரியர் ஒருவரிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கிச் சென்றேன். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் மின்தடை கிடைக்கும் என்பது நாம் படித்ததே. 230 வோல்ட், 1000 வாட் என்றால் ஏறத்தாழ 53 ஓம். மின்விளக்கின் இழை சூடேறினால் அதன் தடை பல மடங்கு உயரும். நிக்ரோம் கம்பி அப்படி அதிகம் மாறாது. ஆகையால் சட்டி ஆறியிருக்கும்போதே அளந்து பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் இரு முனைகளில் வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. அடிமூடியைக் கழற்றிக் காயிலின் முனைகளிலேயே வைத்தேன். 53 ஓம்! காயில் எரியவில்லை. இடையில் இருந்த பித்தளைத் திருகுதான் வெந்து கறுத்திருந்தது. தளர்ந்த இணைப்பில் தடை கூடும். தடை கூடினால் அங்கே சூடு கூடும். சூட்டினால் திருகு இன்னும் கறுத்துத் தளரும். திருகை மாற்றி, கம்பியின் முனையை இரட்டையாக முறுக்கி, சூடு தாங்கும் கண்ணாடி நார் உறையிட்ட ஒயரைப் பூட்டினேன். செலவு நாற்பது ரூபாய்க்குள்.

சட்டி சூடேறியது. தந்தையார் விளிம்பைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டார். சூட்டினால் அல்ல, ஷாக்! சென்ற மழைக்காலம் முழுவதும் கொல்லைத் தாழ்வாரத்தில் கிடந்த சட்டி. கடற்காற்றின் ஈரத்தைக் காயிலைச் சுற்றிய மைக்கா உறிஞ்சியிருந்தது. காயிலுக்கும் உடலுக்கும் இடையே அளந்தேன்: ஒரு லட்சம் ஓம். இது பெரிய தடையாகத் தோன்றும். ஆனால் 230 வோல்ட்டில் இரண்டு மில்லி ஆம்பியருக்கு மேல் கசியும். கை உணர அது போதும். இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்த பின் கசிவு அளவுக்குள் அகப்படவில்லை. இரண்டு கால் பிளக்கை எடுத்துவிட்டு மூன்று கால் பிளக் போட்டேன். வீட்டுச் சுவரிலிருந்த துளையில் எர்த் ஒயரே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது! எலக்ட்ரீஷியன் வந்து மண்ணில் குழாய் இறக்கி எர்த் கொடுத்த பிறகே சட்டியை மறுபடி போட விட்டேன்.

அடுத்த தொல்லை விசித்திரமானது. காலையில் வார்த்த குண்டுகள் பளபளவென்று வந்தன. மாலையில் வார்த்தவை சுருக்கம் விழுந்து, அச்சு நிரம்பாமல் வந்தன. “ஈயத்துல கலப்படம்” என்றார் தந்தையார். மாலை ஏழு மணிக்கு மின்னழுத்தத்தை அளந்தேன்: 180 வோல்ட். ஊர் முழுதும் விசிறியும் மோட்டாரும் ஓடும் நேரம். 230க்கு 180 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தானே குறைவு? ஆனால் திறன் வர்க்கத்தில் குறையும். 1000 வாட் சட்டி 613 வாட் சட்டியாகிவிடுகிறது. ஈயம் 327 டிகிரி செண்டிகிரேடில் உருகும். அச்சின் மூலைவரை ஓட இன்னும் ஐம்பது டிகிரியாவது வேண்டும். அந்த ஐம்பதுதான் மாலையில் கிடைக்கவில்லை. இப்போது வார்ப்பு விடியற்காலையில்.

நான்கு கிலோ ஈயத்தை உருக்க, தன்வெப்பமும் உள்ளுறை வெப்பமும் சேர்த்துக் கணக்கிட்டால் 1000 வாட்டில் நான்கே நிமிடம். உண்மையில் இருபத்தைந்து ஆனது. இரும்புச் சட்டியும் சூடேற வேண்டும், காற்றும் வெப்பத்தைக் கொண்டுபோகும் என்பது ஒரு பக்கம். கட்டி ஈயம் சட்டியை இரண்டு மூன்று இடங்களில்தான் தொடுகிறது என்பது இன்னொரு பக்கம். முந்தைய நாள் ஈயத்தில் கொஞ்சத்தை அடியிலேயே உறைய விட்டால், அது முதலில் உருகி மற்றதை அணைத்துக்கொள்ளும். இது தந்தையாருக்கு முன்பே தெரிந்திருந்தது. காரணம் கேட்டு வியந்தவர் அவர். வழியைக் கேட்டு வியந்தவன் நான்.

பழைய வலையிலிருந்து கழற்றிய குண்டின் துளையில் ஒரு துளி நீர் இருந்தாலும் உருகிய ஈயத்தில் போடக்கூடாது. நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், ஈயம் தெறிக்கும். தந்தையாரின் இடது மணிக்கட்டில் அதற்கான தழும்பு இருக்கிறது.

என்னை உறங்கவிடாதது வேறொன்று. ஈயப் புகை என்று பயந்துகொண்டிருந்தேன். ஈயத்தின் கொதிநிலை 1749 டிகிரி. 400 டிகிரிக்குள் ஆவியாவது மிகச் சொற்பம். மேலே படியும் கசடுதான் பகை. அது ஈய ஆக்சைடு. உலர்ந்தால் பொடியாகும், விரலில் ஒட்டும், சோற்றோடு உள்ளே போகும். வளரும் பிள்ளைகளின் மூளையை அது கெடுக்கும். அந்தக் கசடைத்தான் பல ஆண்டுகளாகக் கொல்லை மூலையில் கொட்டிவந்தோம். என் தங்கை சொப்பு வைத்து விளையாடும் இடம் அது.

மூலையின் மேல்மண்ணை நனைத்து வழித்தெடுத்தோம். கசடு இப்போது மூடியிட்ட டின்னில் விழுகிறது. தந்தையார் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலை தொடுவதில்லை, அம்மா காவல். தங்கையின் இரத்தத்தைச் சோதிக்க வரும் விடுமுறையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன்.

சட்டி நன்றாக ஓடுகிறது. தெர்மோஸ்டாட் மட்டும் சில நேரம் ஒட்டிக்கொள்கிறது. அதைக் கழற்ற, தடைக்காலம் முடியும்வரை தந்தையார் என்னை விடமாட்டேன் என்கிறார்.