மருந்துக் கடையும் மக்கள் நலனும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அம்மருந்தை உடனிருந்து அளிப்பவர் ஆகியன அந்நான்கு. மருத்துவர் சரியான மருந்தை எழுதித் தந்தாலும், கைக்கு வரும் மருந்து பிழையானால் நோய் தீராது. உயிருக்கும் கேடு நேரலாம். அக்கேடு நேராமல் காக்கும் கடைசி வாயில் மருந்துக் கடை.

பெங்களூரு நகர மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்தது ஆனேக்கல் வட்டம். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய பகுதிகளின் தொழிற்சாலைகளில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் இங்கு வாழ்கின்றன. மருந்துக் கடையைக் கன்னடத்தில் 'ஔஷத அங்கடி' என்பர். ஔடதம், அங்காடி என்னும் தமிழ்ச் சொற்களை அறிந்தவருக்கு அது எளிதில் விளங்கும்.

கடைக்குரிய விதிகள்

இந்தியாவில் மருந்து விற்பனையை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், 1945ஆம் ஆண்டின் விதிகளும் நெறிப்படுத்துகின்றன. சில்லறை மருந்துக் கடையின் பரப்பு 10 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. உரிமத்தை அனைவரும் காணும் இடத்தில் வைத்தல் வேண்டும். மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளைப் பதிவு பெற்ற மருந்தாளுநரே வழங்க வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம். காலம் கடந்த மருந்துகளை விற்பனைக்கு உரியவற்றோடு கலந்து வைத்தல் ஆகாது.

மருந்தைச் சேமிக்கும் முறையும் தரத்தின் ஒரு பகுதியே. பொம்மசந்திராவில் உள்ள பயோகான் ஆலையில் உருவாகும் இன்சுலினை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தாலும், உறைந்து போனாலும் அதன் ஆற்றல் கெடும். ஆகவே, ஆலை எவ்வளவு அருகில் இருந்தாலும், கடையின் குளிர்பெட்டி பழுதுபட்டால் பயன் இல்லை.

ஒரு தொகுதி எண்

ஒரே முறையில் செய்யப்பட்ட மருந்துகள் அனைத்திற்கும் ஒரே எண் இடப்படும். அதுவே தொகுதி எண். அதன் இன்றியமையாமையை 2025ஆம் ஆண்டில் நிகழ்ந்த துயரம் உணர்த்தியது.

மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து உட்கொண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. 'கோல்ட்ரிப்' என்னும் அம்மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் மாதிரி எடுத்துச் சோதித்தனர். எஸ்.ஆர்.-13 என்னும் தொகுதியில் 'டைஎத்திலின் கிளைக்கால்' என்னும் நச்சுப் பொருள் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடே.

அந்நஞ்சு நிறமற்றது, இனிப்பானது. ஆகவே, மருந்துப் பாகில் கலந்திருப்பதைக் கண்ணாலும் நாவாலும் அறிய இயலாது. மூலப்பொருளை ஆலையிலேயே சோதித்திருந்தால் கேட்டைத் தடுத்திருக்கலாம். ஆலை தவறினால், குப்பியைப் பார்த்துக் கடைக்காரர் நஞ்சைக் கண்டறிய முடியாது. அப்போது அவருக்குத் துணை நிற்பது தொகுதி எண்ணே. தெலங்கானா அரசும் அவ்வெண்ணைக் குறிப்பிட்டே எச்சரிக்கை விடுத்தது. வாங்கிய சீட்டையும் விற்ற சீட்டையும் முறையாக வைத்திருக்கும் கடையே, எஞ்சிய குப்பிகளை ஒதுக்கி, வாங்கியவர்களுக்கும் செய்தி சொல்ல இயலும்.

வாங்குவோர் கடமை

மாத்திரை அட்டையை வெட்டித் தரும்போது, தொகுதி எண்ணும் காலாவதி நாளும் உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடுவது உண்டு. அவ்விரண்டையும் பற்றுச்சீட்டில் குறித்துப் பெறுதல் நன்று. அட்டையில் திங்களும் ஆண்டும் மட்டும் இருந்தால், அத்திங்களின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம். அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், அம்மருந்தை மருத்துவரின் சீட்டு இன்றி வாங்குதல் கூடாது.

இக்குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகின்றன. கடையில் பேசப்படுவது கன்னடம். வீட்டில் ஒலிப்பது தமிழ். மூன்றையும் அறிந்த மாணவர், வீட்டிற்கு வரும் மருந்தின் பெயரையும் நாளையும் பெற்றோருக்குப் படித்துச் சொல்லலாம். பாட்டி உண்ணும் மாத்திரையில் உள்ள அச்சிறு எழுத்துகளை ஒருவர் படித்துவிட்டால், கடைசி வாயிலுக்கு மேலும் ஒரு காவல் கிடைக்கிறது.

சொற்பொருள்
ஔடதம் – மருந்து
மருந்தாளுநர் – மருந்து வழங்கும் பயிற்சியும் பதிவும் பெற்றவர்
காலாவதி – பயன்படுத்தும் காலம் முடிதல்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

வினாக்கள்
1. இன்சுலினை எவ்வெப்பநிலையில் வைத்தல் வேண்டும்? ஏன்?
2. கடைக்காரரால் கண்டறிய இயலாத நஞ்சைத் தடுக்கத் தொகுதி எண் எவ்வாறு உதவுகிறது?
3. வீட்டில் உள்ள ஒரு மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பெற்றோர் துணையுடன் பார்த்துத் தமிழில் எழுதுக.